கொடைக்கானலுக்கு முந்தின நாள்

கொடைக்கானலில் இந்நேரம் எப்படி இருக்கும், மத்தியானம் மூன்று மணிக்குக்கூடக் குளிருமா, குளிர் என்றால் விடியற்காலையில் முதல் செம்புத் தண்ணீரை மேலே ஊற்றும்போது ஒரு வெடவெடப்பு வருமே அந்த மாதிரியா, இல்லை நாள் முழுக்க உடம்பை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டே இருக்குமா என்று யோசித்துக்கொண்டே சண்முகக்கனி அடுத்த சட்டையை ஓவர்லாக் மெஷினுக்குள் கொடுத்தாள். கொடுத்த கை பாதியில் நின்றது. இதற்குள் இருந்தால்? துணியை வெளியே இழுத்து, உள்பக்கம் திருப்பி, தையல் நெடுக விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மஞ்சள் துணி, நெஞ்சில் ஒரு யானைக்குட்டி, கழுத்தில் நாலு முதல் ஐந்து வயது என்று போட்ட சின்ன லேபிள். ஒன்றும் இல்லைதான். ஆனால் இதில் இல்லை என்றால் இதற்கு முன்னால் தைத்ததில் இருக்க வேண்டும், அதிலும் இல்லை என்றால் அதற்கும் முன்னால் தைத்ததில், அந்தப் பண்டல் எல்லாம் எப்போதோ செக்கிங் மேசைக்குப் போய்விட்டது, அங்கிருந்து அயர்ன் டேபிள், அங்கிருந்து பெட்டி, ஐந்து மணிக்கு லாரி, லாரி கிளம்பிவிட்டால் சட்டை கடலைத் தாண்டிப் போய்விடும், அவளும் நாளை விடியக்காலம் பஸ் ஏறிவிடுவாள், நாலு நாள், முழுசாக நாலு நாள், இந்தத் தகரக் கூரையும் இந்த மெஷின் இரைச்சலும் இல்லாத நாலு நாள். நினைத்தால் நெஞ்சுக்குள் ஏதோ இனிப்பு கரைகிற மாதிரித்தான் காலையில்கூட இருந்தது.

இரண்டு மணிக்கு ஊசி உடைந்தது. ஊசி உடைவது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை, வாரத்துக்கு ஒன்றாவது உடையும், தோள் மடிப்பில் துணி தடித்து நிற்கிற இடத்தில் வேகமாகக் கொடுத்தால் படக்கென்று போய்விடும். ஆனால் இது பிள்ளைகள் சட்டை தைக்கிற கம்பெனி. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் பொறுக்கி சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும், அவர் அதை நோட்டில் வரிசையாக வைத்து முழு ஊசியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து டேப் ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும் மெஷினை நிறுத்தி, அப்போது அந்த லைனில் இருக்கிற அத்தனை சட்டையையும் சிவப்புப் பெட்டியில் போட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும். தலைத்துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு மெஷின் தட்டில் கிடந்தது. முனையைத்தான் காணோம். அரிசியின் மூக்கு அளவுகூட இருக்காது. காந்தக்கட்டையை வைத்து மெஷின் அடி, ஸ்டூல் அடி, தன் செருப்பு, பாவாடை ஓரம் எல்லாம் துழாவினாள். "என்னட்டி கனி, தரையில என்னத்தத் தேடுத?" என்று பக்கத்து மெஷின் சகாயராணி அக்கா கேட்டாள். தூத்துக்குடிக்காரி, பதினாலு வருஷமாக இந்த லைனில் இருப்பவள். முனையைக் காணோம் என்று சொன்னதும் அக்கா அங்கே இங்கே பார்த்துவிட்டு டிராயரை இழுத்தாள். துணியில் கோடு போடுகிற சோப்புத் துண்டு ஒன்று, அதில் நாலைந்து பழைய ஊசிமுனைகள் குத்தி நின்றன. எப்போதோ தரையில் பொறுக்கியவை. "இந்தா, இத வச்சு ஒட்டிக் குடு. இன்னைக்கு லைன் நின்னா நாளைக்கு ஒருத்திக்கும் லீவு கெடையாது. எங்க அக்கா மவளுக்குக் கல்யாணம்ட்டி, நான் போவலன்னா மூக்கால அழுவா." கனி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டது கைதான், அவள் வாங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சூப்பர்வைசர் தனபால் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்று துண்டையும் சேர்த்து வைத்தார். "மூணும் இருக்குதாம்மிணி? சரி, போடு கையெழுத்த." முனை கொஞ்சம் தடிமன். அவளுக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை, ஷிப்மெண்ட் அன்றைக்கு அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. க.சண்முகக்கனி என்று முழுப் பெயரையும் எழுதிவிட்டு வந்தாள்.

மின்விசிறி சுற்றுகிறது, அனல்தான் வருகிறது. கத்திரி வெயில். தலையில் கட்டின துணிக்குள்ளே வேர்வை வழிந்து காது ஓரமாகக் கழுத்துக்கு இறங்குகிறது, துடைக்கக் கை எடுத்தால் ஒரு சட்டை குறையும், ஒரு சட்டை குறைந்தால் மணிக்கணக்குப் பலகையில் அவள் பேருக்கு நேரே சிவப்புக் கோடு. பாத்ரூம் போக இருபத்திரண்டு பேருக்கு ஒரு மரக்கட்டை டோக்கன், அது யார் கையில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வயிற்றை அடக்கப் பழகிவிட்டாள். இதெல்லாம் நாளைக்கு இல்லை. நாளைக்கு இந்நேரம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு. அவள் புருஷன் செல்லத்துரை சாயப்பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி மூன்று நாள் வாங்கியிருக்கிறான். அவனுடைய அக்கா, கனிக்கு மதினி, சங்கரன்கோவிலிலிருந்து மகள் தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். அப்புறம் மலை. கொண்டை ஊசி வளைவு என்று சொல்வார்களே, அதிலும் ஊசி. ஊசி என்றதும் வலது உள்ளங்கையில் சுருக்கென்றது. பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒருவேளை அது சட்டைக்குள் போகாமல் தன் மேலே எங்காவது இருந்தால்? ரவிக்கைத் தையலில், தலைமுடியில். சில சமயம் தெறிக்குமாம். அப்படியென்றால் நல்லதுதான், தன் உடம்பில் இருந்தால் நல்லதுதான். இல்லை, நல்லதில்லை, நாளைக்குப் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைப்பாள், அப்போது அவள் கன்னத்தில். சீ. என்ன புத்தி இது. தைக்கிறதைத் தை.

அணைக்க விடுவாளா என்பதே தெரியாது. தை மாதம் போனபோது மதினியின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு கண்ணை மட்டும் காட்டினாள். இரண்டாம் நாள் சாயங்காலம்தான் மடியில் வந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்து அரைமணி நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மதினி நல்லவள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை, வைத்துக்கொள்கிறேன் என்று அவளாகத்தான் கேட்டாள், இங்கே லைன் வீட்டு ஒற்றை அறையில் இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போய்விட்டால் பிள்ளையை யார் பார்ப்பது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரைக்கும் என்று சொல்லித்தான் விட்டாள். இப்போது அங்கேயே எல்கேஜி சேர்த்தாயிற்று. போனில் மதினி, "ஒம் மவளுக்கு ராத்திரி என் காதப் பிடிச்சிக்கிட்டாத்தான் உறக்கம் வருது, பாத்துக்க" என்று சிரித்தபோது கனியும் சிரித்தாள். போனை வைத்துவிட்டுத் தன் காதைத் தானே பிடித்துப் பார்த்தாள். கொடைக்கானலில் இரண்டு ராத்திரி. அங்கே மதினி இருக்க மாட்டாள். குளிருக்குப் பயந்தாவது பிள்ளை ஒட்டிக்கொள்ளும், ஒட்டித்தானே ஆக வேண்டும், வேறு யாரைப் பிடித்துக்கொள்ளும். இதற்காகத்தான் மலை. ஏரியும் வேண்டாம் படகும் வேண்டாம், ஒரு போர்வைக்குள்ளே இரண்டு ராத்திரி. சிவப்பில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறாள். அளவு தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் அளவு தெரியவில்லை. நாள் முழுக்க நாலு முதல் ஐந்து வயது என்று லேபிள் போட்ட சட்டை அவள் கைவழியாகப் போகிறது, இந்தத் தோள் அகலம்தான் தர்ஷிகாவுக்கும் இருக்கும், இந்தக் கை நீளம்தான் இருக்கும் என்று பார்த்துப் பார்த்து, அந்தக் கணக்கில்தான் ஸ்வெட்டர் எடுத்தாள். ஒவ்வொரு மஞ்சள் சட்டைக்குள்ளும் ஒரு பிள்ளையை நிறுத்தித்தான் தைக்கிறாள். இன்றைக்கு அதுதான் வினையாகப் போயிற்று. வெறும் துணியாகப் பார்க்கத் தெரிந்திருந்தால் இவ்வளவு இல்லை. அந்தப் பிள்ளை குளித்துவிட்டு வரும், வெள்ளைக்காரப் பிள்ளை, கையைத் தூக்கு என்று அதன் அம்மா சொல்வாள், தலைவழியாகச் சட்டையை இழுத்துவிடுவாள், யானைக்குட்டி நேராக இருக்கிறதா என்று நெஞ்சில் தட்டுவாள்.

"ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? மெசின் இருக்குல்லா கடைசில, பெல் அடிக்கிற மெசின், அது பாத்துக்கிடும்" என்றாள் சகாயராணி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. அது பார்த்துக்கொள்ளும். பெட்டியில் போடுவதற்கு முன்னால் சட்டையை ஒரு மெஷினுக்குள் விடுவார்கள், இரும்பு இருந்தால் பெல் அடிக்கும். இதைத்தான் இரண்டு மணியிலிருந்து அவளும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் போகாமல் ஒரு நினைப்பைக் காலால் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போகும்போது பார்த்தாள். அந்த மெஷினின் வயரைச் சுருட்டி மேலே போட்டிருந்தார்கள். இந்த ஆர்டருக்குத் தோளில் இரும்புப் பட்டன், ஒவ்வொரு சட்டைக்கும் பெல் கத்துகிறது, காது போகிறது என்று பேக்கிங்காரர்கள் அணைத்துவிட்டார்கள். அக்காவுக்குத் தெரியாது. கனிக்குத் தெரியும். முனையும் பெல்லும் இரண்டும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொல்லிவிடலாம். எழுந்து பத்தடி நடந்தால் தனபால் அண்ணன். அண்ணா, அது என் ஊசி முனை இல்லை. ஆறு வார்த்தை. சொன்னால் இருபத்திரண்டு பேர் லீவும் போகும். அக்காவின் அக்கா மகள் கல்யாணம் போகும். கடைசி மெஷின் பவுனுத்தாய்க்கு நாகர்கோவிலில் அப்பா படுத்த படுக்கை. அப்புறம் அந்த முனை யாருடையது என்று கேட்பார்கள். யார் கொடுத்தது என்று கேட்பார்கள். கேட்டால் அவளுக்கு வாய் வராது.

வாய் எப்போதுதான் வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதே எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் என்ற பயத்தில்தான், வீட்டுக் கஷ்டம் என்று ஊரில் சொல்லிக்கொண்டாலும். இங்கே வந்த புதிதில் மினி பஸ்ஸில் நம் ஸ்டாப் வருகிறது என்று தெரியும், கண்டக்டரிடம் இறங்கணும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், சொல்லாமல் நின்றே பல்லடம் ரோட்டில் மூன்று ஸ்டாப் தாண்டி யாரோ இறங்குகையில் பின்னாலேயே இறங்கித் திரும்ப நடந்து வந்தாள். தர்ஷிகா பிறந்த அன்றைக்கும் அப்படித்தான். வலி வந்துவிட்டது என்று தெரிகிறது, நர்ஸ் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாள், பேசி முடிக்கட்டும் பேசி முடிக்கட்டும் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வராந்தாவிலேயே தலை தெரிந்துவிட்டது. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டியா, புள்ள கீழ விழுந்திருந்தா?" என்று அந்த நர்ஸ் திட்டிக்கொண்டேதான் பிள்ளையை ஏந்தினாள். விழவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமலே போய்விடுகிறது எப்போதும். இதிலும் ஒன்றும் ஆகாது. முனை தரையில்தான் எங்காவது கிடக்கும், பெருக்குகிறவள் குப்பையோடு அள்ளியிருப்பாள், இப்போது குப்பை மேட்டில் கிடக்கும், நீ இங்கே உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிறாய். ஆமாம். அப்படித்தான். அந்தப் பிள்ளை கையைத் தூக்குகிறது. அதன் அம்மா நெஞ்சில் தட்டுகிறாள். மலை மேல் மேகம் கையெட்டும் தூரத்தில் போகுமாமே. தட்டுகிறாள். போர்வைக்குள் தர்ஷிகாவின் கால் எவ்வளவு சில்லென்றிருக்கும். அந்த அம்மா தட்டுகிறாள், பிள்ளை ஏன் இப்படி வீறிடுகிறது என்று தெரியாமல் இன்னும் இறுக்கி அணைக்கிறாள்.

நாலரைக்கு டீ வந்தபோது கால் அவளைத் தனபால் அண்ணன் மேசைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அவர் போனில் லாரிக்காரனோடு கத்திக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "என்னம்மிணி?" உதடு ஒட்டிக்கொண்டது. "அண்ணா..." என்ற அளவில் நின்றது. அவர் அவள் முகத்தையும் தலைக்கு மேலே கடிகாரத்தையும் பார்த்தார். "ஊருக்குப் போகோணும், துணிமணி எடுத்து வைக்கோணும், அதானே? அதுக்கெதுக்கு இப்பிடி நடுங்கறே? உன் பண்டல் முடிஞ்சுதில்ல, கெளம்பு. கேட்டுல காட்டிரு" என்று சீட்டுக் கிழித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். "புள்ளைக்கு முட்டாய் வாங்கிக் குடு கண்ணு." இல்லை என்று தலையாட்ட வேண்டும், தலை ஆடியது, எந்தப் பக்கம் ஆடியது என்று அவளுக்கே தெரியவில்லை. சீட்டு கையில் இருந்தது. திரும்பி வந்து பையை எடுத்தாள். லைனே ஓ என்று கத்தியது. "ஏய், ஊமக்கொட்டான் பேசாமப் பேசியே பெர்மிஷன் வாங்கிட்டா பாருங்கடி!" என்றாள் பவுனுத்தாய். சகாயராணி மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "குளிருக்கு ஒழுங்காப் போத்திப் படு, என்ன?" என்றாள். வாயையும் சேர்த்துப் போத்திக்கொள் என்று அர்த்தம், கனிக்குத் தெரிந்தது.

கேட்டுக்குப் போகிற வழி பேக்கிங் வழியாகத்தான். லாரி வந்து பின்பக்கம் திறந்து நின்றது. மேசையில் மஞ்சள் சட்டைகள் மடித்துக் குவிந்திருந்தன, யானைக்குட்டி மேலே தெரிகிற மாதிரி. ஓரத்தில் ஒரு புதுப்பெண், பதினெட்டு வயசுகூட இருக்காது, சட்டையைப் பாலிதீன் கவருக்குள் விட்டு, உள்ளே இருக்கிற காற்று வெளியே போவதற்காக இரண்டு உள்ளங்கையாலும் சட்டையின் நெஞ்சை அழுத்துகிறாள், ஒட்டுகிறாள், அடுத்ததை எடுக்கிறாள், அழுத்துகிறாள். கனி தாண்டிப் போனாள். தாண்டி நாலடி போனாள். கேட்டுக்கு வெளியே வெயில் மஞ்சளாகக் கிடந்தது, அங்கே போய்விட்டால் நாளை, மலை, போர்வை. பின்னால் அந்தக் கவர் சரக்கென்று அமுங்கும் சத்தம். இன்னொரு சரக். பிள்ளையின் நெஞ்சில் ஒரு கை. இன்னொரு சரக்.

"அமுக்காத!"

யார் கத்தியது என்று எல்லாரையும் போல அவளும் திரும்பிப் பார்த்தாள். "அமுக்காத, அமுக்காதன்னு சொல்லுதேன்லா, கைய எடு!" புதுப்பெண் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவன் டேப்போடு நின்றான். தனபால் அண்ணன் ஓடி வந்தார், பின்னாலேயே லைன் முழுக்க. கனி அழவில்லை. சொன்னாள். அந்த முனை என் ஊசியோடது இல்லண்ணா, என் முனை கெடைக்கல, சட்டையிலதான் எங்கயோ இருக்கு, பெல் மெஷினும் ஓடல. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பறம் நீ ஒட்டிக் குடுத்தது ஆரோடது?" சகாயராணி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். டீ கிளாஸ் கையில் அப்படியே இருந்தது. கனி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "கீழ கெடந்துச்சுண்ணா. நாந்தான் எடுத்து வச்சேன்." அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மிணி, ரெண்டு மணிக்கே சொல்லித் தொலைஞ்சிருந்தா ரெண்டு பண்டலோட போயிருக்குமே. இப்ப அத்தனை பெட்டியும் பிரிக்கோணுமே. ஆருக்கும் லீவு இல்ல. ஒருத்தருக்கும் இல்ல" என்றார், கோபம்கூட இல்லாமல்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. செக்யூரிட்டி அறையில் வாங்கி வைத்திருந்த போன்களைக் கொடுத்தார்கள், வீட்டுக்குச் சொல்லச் சொன்னார்கள். பெண்கள் சுவரோரமாக நின்று பேசினார்கள், ஒருத்தி கத்தினாள், பவுனுத்தாய் போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே கனி நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள், தடுக்கிவிடும் கல்லைச் சுற்றிப் போவதைப் போல. சகாயராணி பக்கம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். கனி கடைசியாகப் போன் போட்டாள். மதினி பதறினாள், பலகாரமெல்லாம் சுட்டு வைத்திருக்கிறாளாம். பிள்ளையிடம் கொடுங்க மதினி என்றாள். மூச்சு விடுகிற சத்தம் வந்தது. "தர்ஷி, அம்மாவுக்கு இங்க வேலை வந்திட்டும்மா. நாளைக்கு வர முடியல." அழட்டும் என்று காத்திருந்தாள். அழுதால் சொல்வதற்கு நாலைந்து வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். பிள்ளை அழவில்லை. வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளியிடம் சொல்கிற மரியாதையோடு, "பரவால்லங்க, நீங்க அடுத்த லீவுக்கு வாங்க" என்றது. பிறகு போனைக் கீழே வைக்காமலே உள்ளே ஓடியது, "நாளைக்கு எங்கயும் போவல, நான் ஒன்கூடத்தான் இருப்பேன்" என்று மதினியிடம் கத்துகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

பெட்டிகளைப் பிரித்து மேசையில் கொட்டியிருந்தார்கள். யாரும் அவளுக்கு இடம் விடவில்லை, தரையில் உட்கார்ந்து ஒரு குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கவரைப் பிரித்தாள். சட்டையை உள்பக்கம் திருப்பினாள். தோள் தையல், கைத் தையல், பக்கவாட்டு. இல்லை. அடுத்தது. அவள் விரல் மெதுவாக, அழுத்தி அழுத்திப் போயிற்று. குத்தட்டும், குத்திவிடட்டும், நல்ல ஆழமாகக் குத்தட்டும் என்று ஒவ்வொரு தையலிலும் விரலைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.